கலங்கல் மேல் நாற்பது மூட்டை

நவம்பர் 18

ஏரி நிறைய இன்னும் ஒரு சாண்தான். மிச்சத் தண்ணீர் வழிகிற கலங்கல்மேல் என் வீட்டுக்காரர் ஆள் வைத்து நாற்பது மணல் மூட்டை அடுக்கிவிட்டார். வருடா வருடம் செய்வதுதான். தண்ணீர் ஒரு முழம் கூடுதலாக நின்றால் கோடையில் கரும்புக்கு ஆகும். கிழிந்த சாக்குகளைத் தைத்துக் கொடுத்தது நான்.

நவம்பர் 26

மூன்று நாளாக மழை. கல்வராயன் மலை கண்ணுக்கே தெரியவில்லை.

நவம்பர் 28

எங்கள் நிலத்தில் களை எடுக்கும் சாலம்மாள் வந்தாள். அவள் வீடு ஏரிக்கரைக்குக் கீழே, கீழ்த்தெருவில். "கரை கசியுதுங்க. அடுப்புல தண்ணி ஊறிக்கினே இருக்குது" என்றாள். மூட்டைகளைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை?

நவம்பர் 29

"மூட்டைய எடுத்துடலாங்க" என்றேன்.

"எடுத்தா தண்ணி நம்ம கரும்புலதான் பூந்து போவும். ரெண்டு நாள்ல மழ விட்டுடும், வுடு" என்றார்.

கலங்கல் தண்ணீரை ஊரைச் சுற்றி ஆற்றில் கொண்டுபோய் விட ஒரு வெள்ள வாய்க்கால் இருந்தது. தண்ணீரே வருவதில்லை என்று அதைத் தூர்த்துக் கரும்பு போட்டோம். எப்படி வரும்? நாம்தானே தடுத்து வைத்தோம்!

நவம்பர் 30, காலை

தண்ணீர் மூட்டை விளிம்புக்கு வந்துவிட்டது. கரை உடைந்தால் கீழ்த்தெருவில் முப்பது வீடு. சாலம்மாளின் மருமகள் தேவதர்ஷினிக்கு இது நிறைமாதம். கடவுளே, நான் இன்னா பண்ணிக்கினு உக்காந்திருக்கேன்?

அன்றே, மதியம்

கலங்கலுக்கே போய்விட்டேன். ஓரத்து மூட்டையை இழுத்தபோது என் தையலே கையில் தட்டுப்பட்டது. நாலு மூட்டை எடுத்திருப்பேன். பின்னால் இவர் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "தள்ளு, வழுக்கும்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

டிசம்பர் 2

அரை ஏக்கர் கரும்பு போச்சு. அழுதேன். கீழ்த்தெருவுக்குள் தண்ணீர் வரவில்லை.

டிசம்பர் 9

தேவதர்ஷினிக்குப் பெண் குழந்தை. பார்க்கப் போனேன். சாலம்மாள் டீ கொடுத்தாள். மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்: "அந்த மூட்டைங்க எங்களுதுதான், சாலம்மா."

"தெரியுங்களே. வருசா வருசம் அந்த மூட்டைல கூலிக்கு மணலு வாரிப் போடறதே நாந்தானுங்க."

வீட்டுக்கு வந்து இவரிடம் அதைச் சொன்னேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, நாங்கள் தூர்த்த வாய்க்கால் பக்கம் போனார்.