கட்டைவிரலை மட்டும் பார்த்தேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. இங்கே என் சிறுநீரகம் இரண்டைத் தவிர எல்லாரும் சுகம். சமையல் இப்போது அப்பாதான், எனக்கு எப்படியும் உப்பு ஆகாது என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

டயாலிசிஸுக்குப் போக மாட்டேன் என்று நான் அடம்பிடிப்பதாக அப்பா சொல்லி நீ அழுதாயாம். காரணம் வாயில் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்துக் கட்டில் தையல்கார அக்காவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே. முதல் நாள் ஊசியைப் பார்த்து நான் வெலவெலத்துப் போனபோது, மிஷின் கத்தினா என் கையைப் பாரு, கட்டைவிரலைத் தூக்கினா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம் என்று தைரியம் சொன்னவர். டியூப் லேசாக மடங்கினாலே அந்த மிஷின் ஊரைக் கூட்டிவிடும், அக்காவின் விரலைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வரும். போன வாரம் அவருடைய மிஷினே கத்தியது. திரும்பினேன், விரல் நிமிர்ந்திருந்தது, நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டேன். நர்ஸ் ஓடிவந்து திரையை இழுத்த சத்தத்தில்தான் விழித்தேன், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது என்கிறார் டாக்டர். மனசு கேட்க மாட்டேன் என்கிறது. அந்த விரலால் அக்கா எனக்குத் தைரியம் சொன்னாரா, என்னைக் கூப்பிட்டாரா? நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லையே. இப்போது வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் பக்கத்தில் ஒரு கை தெரிகிறது.

நேற்று அப்பா விடாப்பிடியாக அழைத்துப் போனார். அந்தக் கட்டிலில் புதிதாக ஒரு டீச்சர், உன் வயதுதான் இருக்கும், பயத்தில் உதடு காய்ந்து கிடந்தாள். அக்காவைக் காட்டிச் சொல்லும் பழைய பழக்கத்தில் நர்ஸ் அவளிடம், பயமா இருந்தா இந்த அம்மா கையைப் பாருங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய மிஷின் கத்தியது, அவள் என் கையைப் பார்த்தாள். சத்தியமாக நான் தூக்கவில்லை, விரல் தானாக எழுந்தது. அதை மடக்கிக்கொண்டு அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன், தொண்டை கிழிய நர்ஸைக் கூப்பிட்டேன். டியூப் மடங்கியிருந்தது, அவ்வளவுதான். அது சரியான பிறகே விரலைக் காட்டினேன். கிளம்பும்போது, அடுத்த தடவையும் வருவீங்கதானே ஆன்ட்டி என்றாள். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், அப்பாவிடமும் சொல்லிவிடு.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கும்போதெல்லாம் போனில் கட்டைவிரல் படத்தை அனுப்புகிறாயே, இனி அது வேண்டாம். முகத்தைக் காட்டு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா