மடங்கி விரிந்த இடது கை

என்ர குஞ்சுத்தம்பி,

உன் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் அக்கா ஏதாவது எழுத வேண்டுமாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் ஊருக்கு என்னத்தை எழுத? உனக்கே எழுதிவிடுகிறேன். விரும்பினவர்கள் வாசிக்கட்டும்.

முதலில் ஒன்று சொல்கிறேன். அக்கா இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

பாரிஸ் லாச்சப்பலில் நம்மட ஆட்கள் எல்லோருக்கும் நீ இன்னும் 'கிரிக்கெட் விளையாடின தம்பி'தான். அது கிரிக்கெட் இல்லை, பேஸ்போல் என்று சொல்லிச் சொல்லி நீயே களைத்துப் போனாய். சம்பளம் வாங்கி விளையாடியவன் நீ. முதலில் பிரான்சின் தெற்கே ஒரு கழகத்தில், பிறகு இத்தாலியில். மைதானத்தின் கடைசியில் தனியாக நிற்பாய். உயரத்தில் போகிற பந்துக்கு முதுகைக் காட்டி ஓடி, திரும்பிப் பார்த்துப் பிடிப்பாய். முதல் வருடம் இடது கையில் கையுறை இருக்கிறதை மறந்து வெறுங்கையால் பிடித்து, விரல் வீங்கி வந்து நின்றதும் நீதானே?

வலது தோள் போனதோடு ஆட்டமும் போனது. பிறகு மளிகைக் கடை. மேல் தட்டிலிருந்து ஆராவது மாப் பையை எறிந்தால், காசுப் பெட்டியில் கண்ணை வைத்துக்கொண்டே இடது கையால் பிடிப்பாய். சனம் கைதட்டும். உனக்கு மனத்துக்குள் எப்படி இருந்தது என்று நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாளும் உனக்குப் பேச்சு இல்லை. இடது கை மட்டும் போர்வைக்கு மேலே மடங்கியது, விரிந்தது, திரும்பவும் மடங்கியது. நோவோ, தண்ணீரோ, என்ன கேட்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. என் கையை உன் கைக்குள் வைத்தேன். நீ தட்டிவிட்டாய். திரும்ப வைத்தேன். திரும்பவும் தட்டிவிட்டாய். வளர்த்த அக்காவின் கை கடைசியில் வேண்டாமல் போய்விட்டதா? அன்றிலிருந்து நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

எட்டாம் நாள் உனக்கு எட்டுப் படைத்த அன்று உனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தோம். என் மகள் துளசி உன் பழைய கையுறையையும் வாழையிலைக்குப் பக்கத்தில் வைத்தாள். சார்செலில் இருந்து வந்த மாமி பார்த்துவிட்டா.

"எடடி அதை! தோல் சாமானைப் படையலுக்கு வைக்கிறதோ?"

"இறைச்சிக் கறி வைக்கலாம், இது வைக்கக் கூடாதோ மாமி?"

"அது ஆடு. இது மாடு!"

அழ வந்த வீடே சிரித்தது. துளசி கையுறையைத் தூக்கி, பக்கத்தில் நின்ற லூக்கிடம் கொடுத்தாள். இத்தாலியில் உனக்குப் பக்கத்தில் நின்று விளையாடின அதே லூக்தான். முகர்ந்து பார்த்துச் சிரித்தார். எல்லோரும் கையுறைக்குத் தனி எண்ணெய் பூச, நீ தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெயைப் பூசுவாயாம்.

பிறகு அதை இடது கையில் போட்டுக்கொண்டு யன்னல் பக்கம் பார்த்து நின்றார். கை தன்பாட்டில் மடங்கியது, விரிந்தது.

"ஐயோ, இதுதான்! இதைத்தான் தம்பி செய்தவன்!" என்று கத்திவிட்டேன்.

துளசி அவரிடம் பிரெஞ்சில் கேட்டுச் சொன்னாள்: "அம்மா, ஒவ்வொரு பந்து வீச முன்னமும் மாமா இப்பிடித்தான் நிப்பாராம். பந்து தன்னட்டைத்தான் வரப்போகுது எண்டு நினைச்சா கை இப்பிடிப் போகுமாம்."

"அந்த நேரம் ஆரும் கையைப் பிடிச்சா?"

"தட்டிவிடுவாராம். லூக் பகிடிக்குப் பிடிச்சுப் பாத்து நல்லா வாங்கினவராம்."

தம்பி, அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீ நோவில் கிடக்கவில்லை. என்னைத் தள்ளவுமில்லை. மைதானத்தின் கடைசியில் நின்றிருக்கிறாய். நான்தான் குறுக்கே வந்திருக்கிறேன்.

கையுறை இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. மாமிக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் என் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது அதற்கும் பூசுவேன். காயவிட மாட்டேன். இது சத்தியம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பந்து வந்ததோடா குஞ்சு, பிடிச்சியோ?

உன்னைத் தூக்கி வளர்த்த
அக்கா