பிஞ்சு உலுக்கிய ஆகஸ்ட்

1997 ஜூலை 26

காற்றே இல்லை. மதியம் வெடி வெடித்ததைப் போல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பீகான் கொட்டை மரத்தின் பெரிய கிளை காயோடு முறிந்து கிடக்கிறது, அம்மாவின் துணிக்கொடிக்குப் பக்கத்திலேயே. அம்மா போன் எடுக்க அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்றாள். எனக்குச் சொன்னாளா, உள்ளே இருக்கும் பாப்பாவுக்கா?

க்ளாசெட்டுக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

ஜூலை 27

பக்கத்துப் பண்ணை கிளைட் அங்கிள் வந்து பார்த்தார். இந்த வருடம் மரம் தாங்காத அளவுக்குக் காய்த்திருக்கிறதாம். உள்ளே பருப்பு முற்றும் முன், ஆகஸ்டிலேயே மிஷினால் உலுக்கிக் கொஞ்சம் காயைக் கொட்டிவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் மற்றக் கிளைகளும் சொல்லாமல் முறியும் என்றார்.

அப்பா சிரித்துக்கொண்டே "நோ, நோ" என்று அனுப்பிவிட்டார். அவர் போனதும் சிரிப்பு நின்றது.

"புள்ளத்தாச்சி இருக்கற ஊட்டுல பிஞ்ச உலுக்கறதா? நான் முடியே வெட்டாம இருக்கறேன்."

உண்மைதான். அப்பாவின் முடி காதை மூடிவிட்டது. போன வருடம் ஒரு பாப்பா தங்காமல் போனது. அதற்கு முந்தின வாரம்தான் அப்பா வேலியோரம் ஒரு மரத்தை வெட்டினார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 3

எங்கள் சொந்த ஊர் உடுமலையில் வாழைக்குக் கொடுப்பதைப் போல அப்பா கிளைகளுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார். "இனி எப்படி உளுகுதுன்னு பாத்தர்லாம்!" கட்டைகள் இப்போதே வளைந்திருக்கின்றன. அம்மா அவற்றின் அடியில்தான் துணி காயப்போடுகிறாள். டிரையர் இருக்கிறதே என்றால், "வெயில் சும்மாத்தான போகுது" என்கிறாள்.

ஆகஸ்ட் 7

மறுபடியும் மரத்தில் முனகல் சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்கிறதா?

ஆகஸ்ட் 12

பொய் சொல்லிவிட்டேன்.

அப்பா ஆபீஸில். அம்மா படுத்திருந்தாள். கிளைட் அங்கிள் தன் மரங்களை உலுக்கி முடித்து, டிராக்டரோடு வேலியருகே நின்று, அப்பா மனசு மாறினாரா என்று கேட்டார். "யெஸ்" என்றேன். யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

மிஷின் மரத்தைக் கவ்வி உலுக்கியது. பச்சைக் காய்கள் கொட்டிக்கொண்டே இருந்தன. திரும்பினால் அம்மா கதவருகில். அலறுவாள் என்று நினைத்தேன். என் தலையில் கிடந்த இலையை எடுத்துப் போட்டாள்.

"அப்பா கேட்டா, அம்மா சொல்லித்தான்னு சொல்லோணும். தெரிஞ்சுதா?"

அப்பா வந்து பார்த்தார். "நாந்தானுங்க சொன்னேன்" என்றாள் அம்மா. அப்பா இரவு சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 14

அம்மாவுக்கு வலி. அப்பா ஹாஸ்பிடலுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். எனக்குத் துணைக்கு வந்த ஜலஜா ஆன்ட்டி ஹாலில் தூங்குகிறார்.

நான்தான். அம்மா இல்ல, நான்தான் உலுக்கச் சொன்னேன். சாமி, தண்டனைன்னா எனக்குக் குடு. பாப்பாவுக்கு வேண்டாம். பாப்பாவுக்கு வேண்டாம் —

ஆகஸ்ட் 15

வந்துவிட்டார்கள். வெயிலில் நின்று, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் வந்த வலியாம். பாப்பா நன்றாக இருக்கிறதாம். அப்பா ஷூவைக்கூடக் கழற்றாமல் போய்த் துணிக்கொடியை அவிழ்த்தார்.

டாக்டர் சொன்னால் போதுமா? இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே.

செப்டம்பர் 30

"பாப்பா உதைச்சுதா?" என்று இன்றும் கேட்டேன். "உன்னவிட அதுக்குத் தைரியம் ஜாஸ்தி" என்றாள் அம்மா.

நவம்பர் 29

அறுவடை. ஒரு கிளையும் முறியவில்லை. மிஷின் மரத்தைக் கவ்வியபோது, பழக்கத்தில் என் கண் அம்மாவின் வயிற்றுக்குப் போனது. அப்பா, பிறந்து பத்து நாளான தங்கச்சியைத் தோளில் போட்டு, ஒரு கையால் அவள் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். காலையில்தான் முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் காதுகள் புதிதாகத் தெரிந்தன.

காய்கள் கொட்டி முடிந்ததும் கிளைட் அங்கிள் என்னைப் பார்த்துக் கையசைத்தார். அப்பா என் பக்கம் குனிந்தார்.

"அடுத்த ஆகஸ்ட்லயும் வரச் சொல்லு யாமினி. போன தடவ நீதான சொன்னே."