அம்புக்குறிக்கு ஒரு காபி

கீழ்க்கட்டளை
12.8.98

அன்புள்ள மகனுக்கு,

உன் கல்யாணத்தன்று, இனி என் வாசல்படி மிதிக்காதே என்றேன். நீயும் மிதிக்கவில்லை. இங்கே விட்டுப்போன கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால், பெருங்களத்தூரில் உன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே போன் லைன் வழியாகச் சரிசெய்துவிடுகிறாய்.

திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்ததும் அம்மா, “வந்துட்டான் பாருங்க” என்று ஓடிவந்து பக்கத்தில் காபி வைக்கிறாள். “சிந்திடப் போவுதுடி” என்று கத்துவேன். எடுக்கமாட்டாள். ஆறிய பிறகு நான் குடிக்கிறேன். உனக்குப் போடுகிற மாதிரியே சர்க்கரை தூக்கல்.

மறுபடியும் கெட்டிருக்கிறது. இந்தத் தடவை போனும் வேலை செய்யாது. வயரை நானே பிடுங்கி வைத்திருக்கிறேன். நேரில்தான் வரவேண்டும்.

மருமகள் காபி குடிப்பாளா, டீயா? அம்மா கேட்கச் சொல்லவில்லை. நான்தான் கேட்கிறேன்.

அப்பா