பெட்டூனியா ஏன் தண்ணீர் குடிக்கவில்லை

விஸ்கான்சின், நவம்பர் மாதம்

அன்பு மகள் சிக்னேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் மாடுகளும் நலம், உங்கப்பாவின் வீறாப்புக்குத்தான் கொஞ்சம் அடிபட்டிருக்கிறது, அதுவும் தேறிவிடும். அலாஸ்காக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு நலமாக இருக்க வேண்டும்.

வீட்டிலிருந்து புது மாட்டுக் கொட்டகைக்கு உங்கப்பா தாமே கரண்ட் இழுத்தார். எர்த்துக்குத் தனி ஒயர் வேண்டாமா என்று கேட்டதற்கு, "கொட்டகையே பூமி மேலதான நிக்குது, அதுக்குப் போயி ஒயர்ல பூமியக் காட்டணுமாடி" என்றார். விளக்கு எரிந்தது, தொட்டித் தண்ணீர் உறையாமலிருக்க வைத்த ஹீட்டரும் ஓடியது, மனிதர் விசிலடித்துக்கொண்டே திரிந்தார். ஆனால் நீ கன்றிலிருந்து வளர்த்த பெட்டூனியா அன்றிலிருந்து அந்தத் தொட்டியில் சரியாக வாய் வைக்கவில்லை. மூக்கை நீட்டுவாள், வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். பாலும் குறைந்துபோயிற்று. "எல்லாம் உன் பொண்ணு குடுத்த செல்லம், திமிரு" என்று சொல்லி அவளை விற்க வண்டிக்கும் சொல்லிவிட்டார்.

வண்டி வருகிற காலையில் அவளைக் கட்டிக்கொண்டு அழலாம் என்று கம்பளிச் செருப்பு பனியில் நனைய நனைய ஓடினேன். முகம் கழுவத் தொட்டியில் கை வைத்ததும் சுரீரென்றது. உங்கப்பாவிடம் சொன்னால், "தெனமும் நான் தொடுறேன், எனக்கு ஒண்ணுமில்லையே, அழுத அழுகையில ஒனக்கு ஒடம்பு நடுங்குது" என்கிறார். "அந்த ரப்பர் பூட்ஸக் கழட்டிட்டுத் தொடுங்க பாப்போம்" என்றேன். ஈரத் தரையில் காலுறையோடு நின்று, என்னைப் பார்த்துச் சிரித்தபடியே தொட்டார். அவர் போட்ட கூச்சலில் கோழிகள் சாயங்காலம்வரை கூண்டைவிட்டு வரவில்லை. வண்டிக்காரரை நானே திருப்பி அனுப்பினேன்.

பக்கத்துப் பண்ணை டோரிஸ் எலக்ட்ரீஷியன் அல்லவா, அவள் வந்து மெயினை அணைத்துவிட்டுப் பார்த்தாள். எர்த் ஒயரே இல்லை, எர்த்துக்காக மண்ணில் அடித்திருந்த, எட்டடி இருக்க வேண்டிய கம்பியும் இரண்டடிதான் இருந்தது, அதனால்தான் தொட்டியில் கரண்ட் ஏறியதாம். பாறை தட்டியதும் மிச்சத்தை அறுத்துவிட்டாராம். "மிச்சம் எங்க அர்விட்?" என்று கேட்டாள். அவர் தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. கல்யாண நாளுக்கென்று சமையலறை ஜன்னலில் அவர் மாட்டித் தந்த திரைக்கம்பி. சர்ச்சில் ஒருத்தி விடாமல் கூட்டி வந்து காட்டினேனே.

டோரிஸ் எர்த்துக்குத் தனி ஒயர் இழுத்து, புதுக் கம்பியைப் பாறையை ஒதுக்கிச் சாய்வாக முழுசும் அடித்தாள். பெட்டூனியா முகர்ந்தாள், யோசித்தாள், பிறகு தலையைத் தூக்காமல் குடித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உங்கப்பா அவள் கழுத்தைத் தடவி, "நீ சொன்னதுதாம்மா சரி" என்றார். கல்யாணமானதிலிருந்து நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை, மாட்டுக்குக் கிடைத்தது.

நீ நோய்நொடியில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே. இந்த விஷயம் உன் தம்பிக்குத் தெரிய வேண்டாம் என்று அப்பா எழுதச் சொன்னார், அவனுக்கு நேற்றே எழுதிவிட்டேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா லோயிஸ்