மாமிக்கும் எங்களுக்கும் நடுவில் நான் கட்டிய மதில்

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் இதை வாசிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மாவிடம் சொல்ல முடியாது, மாமியிடம் சொல்லவே முடியாது. மிச்சம் நீங்கள்தான்.

இந்த மார்கழி சரியான கூதல். மழை விட்டபாடில்லை. கொடியில் போட்ட உடுப்பு நாலு நாளாகியும் காயாமல் மணக்கிறது. ஈரக் காற்சட்டையோடு வேலைக்குப் போகிறேன். அம்மா இருமிக்கொண்டே தேங்காய் துருவுகிறார், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். கரண்ட் வருகிறது, போகிறது. வீட்டுக்குள் இருந்தால் எரிச்சல், வெளியில் இறங்கினால் சேறு. சரி, நான் எழுத வந்தது இதையல்ல.

நீங்கள் போன பிறகு, ஆவணியில், எங்களுக்கும் உங்கள் தங்கை ராணி மாமிக்கும் நடுவில் இருந்த வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டினேன். ஓலை உக்கிப் போயிருந்தது. வருடா வருடம் வேலி அடைக்க எனக்குப் பொறுமையில்லை. கட்டட வேலை படித்தவன் வீட்டில் ஓலை வேலியா என்ற எண்ணமும் இருந்தது, மறைக்கவில்லை. குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்தேன். ஒரு நூல் பிசகவில்லை. மேசனே பாராட்டினார்.

மாமி அன்றைக்கே சொன்னார்: "தம்பி, அடியிலை ஓட்டை ஒண்டு விடு அப்பு. மாரிக்குத் தண்ணி உதாலைதான் ஓடுறது."

"பாம்பு வரும் மாமி. எல்லாம் அளந்துதான் செய்யிறன்" என்றேன்.

அளந்தது உண்மை. காய்ந்த நிலத்தை, ஆவணியில் அளந்தேன்.

நீங்கள் ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் ஓர் இடத்தை மட்டும் விட்டுத்தானே அடைப்பீர்கள்? அந்த இடைவெளிக்குள்ளால், அந்தப் பொட்டுக்குள்ளால், அம்மாவும் மாமியும் நாளுக்குப் பத்துத் தரம் போய்வருவார்கள். உங்களுக்குப் பஞ்சி, சோம்பலில்தான் விட்டுவிடுகிறீர்கள் என்று நினைத்திருந்தேன். மாமியின் வளவு நிலம் உயரம், எங்களுடையது தாழ்ந்த பதிவு, மழைத் தண்ணீர் முழுவதும் அந்தப் பொட்டுக்குள்ளால் வந்துதான் தெரு ஒழுங்கைக்கு ஓடுகிறது என்று ஏன் ஒருநாளும் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா?

கார்த்திகையின் முதல் பெருமழைக்கே மாமியின் வளவு குளமாகிவிட்டது. தண்ணீர் குசினிக்குள், அடுப்படி வரைக்கும் ஏறியது. மதிலுக்கு மேலால் மாமியின் குரல் வந்தது.

"உன்ரை அளவெல்லாம் என்ரை குசினிக்கை நிக்குது, வந்து பாரடா!"

நான் வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டார். "மச்சாள், அவர் போய் வருசம் திரும்பேல்லை, அதுக்குள்ளை என்ரை பிள்ளையை ஏசுறியளோ?"

"அண்ணை இருந்தா உந்த மதில் எழும்பியிருக்குமோ?"

அதோடு இரண்டு பேருக்கும் கதைபேச்சு நின்றது. பிழை என்னுடையது என்று அம்மாவுக்குத் தெரியும். அதை அவர் மாமியிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. போன கிழமை மாமி என்னைக் கடையில் கண்டு, "தையிலை அண்ணையின்ரை ஆட்டத்திவசத்துக்கு என்னைப் பாத்துக்கொண்டிருக்க வேண்டாமெண்டு கொம்மாட்டைச் சொல்லு" என்றார். உங்களோடு கூடப்பிறந்தது அவர் ஒருவர்தானே? அவர் இல்லாமல் உங்களுக்கு என்ன முதல் வருடத் திவசம்?

அம்மாவிடம் சொல்லவில்லை. ஒரு மோட்டரைக் கொண்டுபோய் மாமியின் வளவை இறைத்தேன். மதிலை உடைக்க மனம் வரவில்லை, அதுதான் உண்மை. மாமி வாசலில் நின்று பார்த்தார்.

"உது எத்தினை நாளைக்கு? கடலையும் இறைப்பியோ?"

பின்னேரம் மழை கொட்டியது. வளவு திரும்ப நிரம்பிவிட்டது.

நேற்றுக் காலை சுத்தியலும் உளியும் எடுத்தேன். அடிவரிசையில் இரண்டு கல்லை உடைத்ததும் தண்ணீர் என் காலை இடித்துக்கொண்டு பாய்ந்தது. திரும்பினால் அம்மா, குடையோடு.

"அடியிலை மட்டும் உடைச்சா தண்ணி மட்டும்தான் வரும்."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். நான் மேலே உடைத்துக்கொண்டே போனேன், கடைசி வரிசை வரைக்கும். சத்தம் கேட்டு மாமி சேலையைத் தூக்கிச் செருகியபடி வந்தார். இடைவெளியைப் பார்த்தார். அந்தப் பக்கம் நின்ற அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து,

"உதுக்குள்ளாலை நான் வரேலாது. என்ரை உடம்புக்குக் காணாது. பக்கத்திலை இன்னும் ரெண்டு வரி கல்லு எடு" என்றார்.

அம்மா குடைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா, அழுதாரா, எனக்குத் தெரியவில்லை.

கல்லை எடுத்துவிட்டேன். திவசத்துக்கு வருவேன் என்று மாமி இன்னும் சொல்லவில்லை. நானும் என் பிழைதான் என்று இன்னும் சொல்லவில்லை. அந்தச் சொல் என் வாயில் வராது என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். தை பிறக்குமுன் மாமியின் குசினியில் போய் நின்று, அம்மாவுக்கும் கேட்கும்படி, அதைச் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் சொல்லுக் கேளாத மூத்த மகன்,
செந்தூரன்