வாசலில் நின்ற மரப்பெரணி

ஜனவரி 9
தேதியை நானே எழுதினேன். எழுபத்து மூன்று வயதில்! எழுதப் படிக்கச் சொல்லித்தரும் நூலக வகுப்பு டீச்சர் பார்க்கவேண்டும்.

இடுப்பு முறிந்த என் மனைவி எட்னாவை ஹோபார்ட் ஆஸ்பத்திரியிலிருந்து மார்ச்சில் அனுப்புவார்களாம். சக்கர நாற்காலிக்கு வாசலில் சாய்தளம் வேண்டும். அந்த இடத்தில் அவளுடைய மரப்பெரணி; பனைபோல ஒற்றைத் தண்டு, உச்சியில் மட்டும் இலை. கல்யாணமான வருஷம் அவள் வைத்தது. இப்போது என்னைவிட உயரம். இலைகளைக் கழித்து, அடியோடு அறுத்து, வீட்டுக்குத் தெற்கே, இந்த ஊரில் வெயில் விழாத பக்கம், நிழலில் நட்டேன். பக்கத்து வீட்டு லெஸ், இந்த வகை அறுத்து நட்டாலும் பிழைக்கும் என்கிறான். எட்னாவிடம் சொல்லவில்லை.

ஜனவரி 17
போனில் கேட்டாள்: "என் பெரணி எப்படி இருக்கு?"
"நிக்குது," என்றேன். பொய் இல்லையே.

ஜனவரி 26
தினமும் இரண்டு வாளி அடியில் ஊற்றுகிறேன். ஐம்பது வருஷம் ஆப்பிள் தோட்டத்தில் உழைத்தவனுக்குத் தெரியாதா? ஆனாலும் மொட்டைத் தூண்தான். லெஸ் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான். "என்னய்யா, கொடிக்கம்பம் நட்டிருக்கே?" சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 3
கொளுத்தும் கோடை வெயில்; எங்கள் ஊரில் பிப்ரவரி அப்படித்தான். உச்சியில் விரலை விட்டேன். காய்ந்த நார். செத்துப்போச்சா? நான்தான் கொன்னுட்டேனா? அவ வந்து கேட்டா என்ன சொல்லுவேன் —

பிப்ரவரி 4
போனில் சொல்ல வாய் வரவில்லை. கடிதம் எழுதினேன். என் முதல் கடிதம்! நாற்பத்தெட்டு வருஷம் எனக்கு எல்லாக் காகிதத்தையும் படித்துச் சொன்னவளுக்கு. "உன் பெரணியை அறுத்தேன். செத்துவிட்டது போல. மன்னித்துக்கொள்." காலை முழுதும் ஆனது.

பிப்ரவரி 8
பதில் இல்லை. போனும் இல்லை.

பிப்ரவரி 10
போன் அடித்தது.
"கடுதாசி வந்துச்சு. வார்டு முழுக்கப் படிச்சுக் காட்டிட்டேன்." அழுகிறாளா, சிரிக்கிறாளா? பிறகு, "தண்ணி எங்க ஊத்துன?"
"அடியில."
"அது என்ன ஆப்பிள் மரமா, கிழவா? அந்தத் தண்டு முழுக்க வேருதான். உச்சியிலேருந்து உடம்பு பூரா நனை. உன்னை அப்புறம் திட்டிக்கிறேன்."
உடனே ஏணியை எடுத்தேன்.

பிப்ரவரி 21
நனைத்தேன். துளிர் ஒன்றுமில்லை.

மார்ச் 6
எட்னா வந்துவிட்டாள். நாற்காலியைச் சாய்தளத்தில் தள்ளப் போனேன். "முதல்ல அதைக் காட்டு."
தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயம்.
"ஏறிப் பாரு."
நாருக்குள் விரலை விட்டேன். ஈரம். அதற்கடியில் கெட்டியாக, மயிர் மூடி, சுருண்டுகொண்டு இலைக் குருத்துகள் — ஒன்று, இரண்டு...
"ஏழு இருக்கு, எட்னா!"
"மறுபடி எண்ணு."
எண்ணி முடிப்பதற்குள் அவள் பக்கத்தில் கிடந்த தண்ணீர்க் குழாயை எடுத்து உச்சிக்குப் பீய்ச்சினாள். பெரணியும் நனைந்தது, நானும் நனைந்தேன்.